சைக்கிள் கேள்வி–பதில்: சில்லுக்கு எந்தக் கம்பி?

போன இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது சில்லுக்கம்பி உடைவது பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. 2022இல் பெற்றோல் வரிசையில் நின்று களைத்த காலத்தில் வீட்டுக் கோடியிலிருந்து இழுத்தெடுத்த சைக்கிள்கள் கனக்க இன்னும் ஓடுகின்றன. ரயர் மாற்றினார்கள், செயின் மாற்றினார்கள், கம்பியை மட்டும் ஒருவரும் பார்க்கவில்லை. ஆகையால் இந்த முறை பிறேக், செயின் கேள்விகளைத் தள்ளி வைத்துவிட்டுப் பக்கம் முழுவதையும் கம்பிக்கே கொடுக்கிறேன்.

அண்ணை, நான் சுன்னாகம் சந்தையில் மரக்கறி எடுத்து யாழ்ப்பாணம் ரவுனுக்குச் சைக்கிளில் கொண்டு போகிறேன். கரியரில் 60, 70 கிலோ இருக்கும். பின் சில்லில் இரண்டு கிழமைக்கு ஒரு கம்பி உடைகிறது. கடைக்காரர் "13ஆம் நம்பர் மொத்தக் கம்பி போடுவம், பேந்து உடையாது" என்கிறார். போடலாமா? – சுன்னாகம் வாசகர்

தம்பி, காசைக் கொடுக்க முதல் உடைந்த கம்பியை ஒருக்கால் கையில் எடுத்துப் பாருங்கள். எந்த இடத்தில் உடைந்திருக்கிறது? ஹப்பின் (சில்லின் நடுவில் இருக்கிற உருளை) ஓட்டைக்குள் கொளுவுகிற தலைக்குக் கீழே, கம்பி வளைகிற இடத்தில்தானே? உடைந்த முகத்தை வெளிச்சத்தில் பிடித்தால் ஒரு பக்கம் மங்கி வழுவழுப்பாகவும், மற்றப் பக்கம் இப்போதுதான் பிய்த்தெடுத்த மாதிரிச் சொரசொரப்பாகவும் இருக்கும். வழுவழுப்பான பக்கம் பல நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெடித்து வந்தது. சொரசொரப்பான பக்கம் கடைசி நாளில் போனது. அதாவது உங்கள் கம்பி பாரம் தாங்காமல் அறுந்து போகவில்லை, களைத்துத்தான் உடைந்திருக்கிறது. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

சில்லில் பாரம் எப்படி நிற்கிறது என்று தெரிந்தால் இது விளங்கும். கம்பி எல்லாம் இழுவையில் இருக்கின்றன. நீங்கள் மூட்டையை ஏற்றியதும் நிலத்துக்குக் கிட்ட இருக்கிற நாலைந்து கம்பிகளின் இழுவை குறைகிறது, சில்லு சுற்றி அந்தக் கம்பிகள் மேலே போனதும் இழுவை திரும்ப ஏறுகிறது. 28 அங்குலச் சில்லு ஒரு கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 450 தரம் சுற்றும். சுன்னாகத்திலிருந்து ரவுனுக்கு 10 கிலோமீற்றருக்குக் கிட்ட, போய் வர ஒவ்வொரு கம்பியும் 9,000 தரம் தளர்ந்து இறுகுகிறது. கம்பி முதலே நல்ல இறுக்கத்தில் இருந்தால், தளரும்போதும் கொஞ்சம் இழுவை மிச்சம் இருக்கும், தலை ஹப்பில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். இறுக்கம் காணாது என்றால் ஒவ்வொரு சுற்றிலும் கம்பி முற்றாகத் தொய்ந்து, வளைவு ஓட்டைக்குள் ஆடி, திரும்ப வெடுக்கென்று இழுபடும். தகரத்துண்டை இரண்டு பக்கமும் மடித்து மடித்து முறிக்கிறோமே, அதுதான் அந்த வளைவில் நடக்கிறது.

இப்போது கடைக்காரர் சொன்ன 13ஆம் நம்பருக்கு வருவோம். கம்பியில் நம்பர் குறையக் குறைய மொத்தம், அதாவது தடிப்பு, கூடும். 13 என்றால் 2.3 மில்லிமீற்றர், 14 என்றால் 2.0, 15 என்றால் 1.8. பதின்மூன்றில் பதினான்கை விட மூன்றில் ஒரு பங்கு இரும்பு கூட இருக்கிறது, அது உண்மை. ஆனால் மொத்தக் கம்பி குறைவாகத்தான் நீளும். 14ஆம் நம்பர் கம்பியை 100 கிலோ இழுவைக்கு இறுக்கினால்கூட அது நீள்வது அரை மில்லிமீற்றருக்குக் கிட்டத்தான். அந்த அரை மில்லிமீற்றர்தான் கம்பி தொய்யாமல் காக்கிற கையிருப்பு. மொத்தக் கம்பியில் அதே இறுக்கத்துக்கு அந்தக் கையிருப்பு இன்னும் குறைவு, அதனால் கிடங்கில் விழுந்ததும் அது இன்னும் கெதியாகத் தொய்யும். மொத்தக் கம்பி வேலை செய்ய வேண்டுமென்றால் அதை இன்னும் கூட இறுக்க வேண்டும், சாதாரண றிம் அதைத் தாங்காது, நிப்பிள் (கம்பி நுனியை றிம்மில் பூட்டுகிற சின்ன நட்டு) ஓட்டையைச் சுற்றி வெடிக்கத் தொடங்கும். இறுக்கம் சரியில்லாத சில்லில் மொத்தக் கம்பி போடுவது, அத்திவாரம் இறங்கின வீட்டுக்கு மொத்தக் கதவு போடுகிற மாதிரி.

நான் செய்யச் சொல்வது இது. இரண்டு கிழமைக்கு ஒன்று உடைகிறதென்றால் மிச்சம் இருக்கிற கம்பிகளும் அதே தூரம் ஓடினவை, அதே அளவு களைத்தவை. மூன்று கம்பி உடைந்த சில்லில் நாலாவதை ஒட்டுப் போடாதீர்கள், எல்லாவற்றையும் கழற்றுங்கள். பழைய சைக்கிளின் பின் சில்லென்றால் 40 ஓட்டை இருக்கும், 40 கம்பியும் 14ஆம் நம்பர் ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீலில், பித்தளை நிப்பிளோடு புதிதாகப் போடுங்கள். கம்பி போட முதல் ஹப்பின் ஓட்டைகளைப் பாருங்கள், நீள்வட்டமாகத் தேய்ந்து போயிருந்தால் தலைக்குக் கீழே ஒரு சின்னப் பித்தளை வொஷர் போட்டால் வளைவு ஆடாது. தலைப்பக்கம் 2.3, மிச்சம் 2.0 என்று ஒரு கம்பி இருக்கிறது, பாரம் ஏற்றுகிறவர்களுக்கென்றே செய்தது. வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டு வந்தால் உங்களுக்கு அதைவிடத் திறம் வேறு இல்லை, ஏனென்றால் மொத்தம் தேவைப்படுகிற ஒரே இடம் அந்த வளைவுதான்.

கம்பி பின்னி முடிந்ததும் வெளியால் வருகிற கம்பிகளின் வளைவைப் பெருவிரலால் ஹப்போடு அமத்தி உட்கார வையுங்கள். பிறகு, இறுக்கின பின், ஒரே பக்கத்தில் கிட்டக் கிட்டப் போகிற இரண்டிரண்டு கம்பியாகக் கைக்குள் பிடித்து நல்லாக நெரியுங்கள். கையில் தோல் உரிகிற அளவுக்கு நெரிக்க வேண்டும், ஒரு பழைய துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள். டிக் டிக் என்று சத்தம் கேட்கும், முறுக்கு ஏறி நின்ற கம்பிகள் தங்கள் இடத்தில் உட்காருகிற சத்தம் அது. சில்லு பிறகு கொஞ்சம் நெளியும், திரும்ப நேராக்குங்கள், திரும்ப நெரியுங்கள், சத்தம் நிற்கும் வரை. இந்தப் பத்து நிமிட வேலையைச் செய்யாமல் சில்லைக் கையில் கொடுக்கிறவரிடம் 13ஆம் நம்பர் அல்ல, எந்த நம்பர் வாங்கினாலும் உடையும்.

வணக்கம் ஐயா. நான் ஊர்காவற்றுறையில் படிப்பிக்கிறேன். பண்ணைப் பாலத்தால் தினமும் சைக்கிள். கம்பி போட்டு ஒரு வருடத்தில் கறள் பிடித்துவிடுகிறது. கடையில் எல்லாக் கம்பியும் பளபளவென்றுதான் இருக்கிறது. எது கறள் பிடிக்காதது என்று எப்படி அறிவது? – ஓர் ஆசிரியை

ரீச்சர், உங்கள் பாதையில் இரண்டு பக்கமும் கடல், காற்றுக்காலத்தில் அலையின் தூறல் நேரே சில்லில் படும். அந்த உப்பு காய்ந்து கம்பியில் வெள்ளைப் பொடியாக நிற்பதை நானே விரலால் தடவிப் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு ஸ்ரெயின்லெஸ் ஒன்றுதான் சரி, இதில் நான் இரண்டாவது யோசனை சொல்ல மாட்டேன்.

கடையில் வருவது பெரும்பாலும் மூன்று வகை. நாகம் (துத்தநாகம்) பூசினது கொஞ்சம் சாம்பல் அல்லது நீலம் கலந்த வெள்ளை, ஆறு மாதத்தில் மினுக்கம் போய் மங்கும், பூச்சு தேயும் வரை இரும்பைக் காக்கும். குரோம் பூசினது கண்ணாடி மாதிரி மினுங்கும், ஆனால் பூச்சில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தாலும் உப்பு அதற்குள்ளால் இறங்கிப் புள்ளி புள்ளியாகக் கறள் தொடங்கும். மூன்றாவது ஸ்ரெயின்லெஸ், 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் உருக்கிலேயே கலந்தது, பூச்சல்ல, ஆகையால் கீறினாலும் உள்ளே அதே உலோகம்தான்.

கண்டுபிடிக்க ஒரு காந்தம் கொண்டு போங்கள், பழைய ஸ்பீக்கரில் கழற்றின துண்டு போதும். பூசின கம்பி பட்டென்று ஒட்டிக்கொள்ளும். ஸ்ரெயின்லெஸ் மிக மெல்ல இழுபடும், அல்லது இழுபடவே இழுபடாது. "கொஞ்சம் இழுக்கிறது, இது ஸ்ரெயின்லெஸ் இல்லை" என்று திரும்பி வந்துவிடாதீர்கள். கம்பியாக இழுத்து மெல்லிதாக்கும்போது அந்த உருக்குக்குக் கொஞ்சம் காந்தத்தன்மை வந்துவிடும். இரண்டு வகையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் கையிலேயே தெரியும்.

நிப்பிளில் கவனம். பாரம் குறையும் என்று அலுமினிய நிப்பிள் விற்கிறார்கள். தீவுப்பகுதிக்குப் போகிறவர்கள் அதைத் தொடவே வேண்டாம். அலுமினியமும் ஸ்ரெயின்லெஸும் உப்புத்தண்ணீரில் ஒன்றாக இருந்தால் அலுமினியத்தைத்தான் அரிக்கும், ஒரு நாள் நிப்பிள் சாவியைப் போட்டுத் திருப்ப, தலை சாவியோடு கையில் வரும். நிக்கல் பூசின பித்தளை நிப்பிள் போடுங்கள், கம்பியின் புரியில் போடும்போதே ஒரு துளி ஒயில் அல்லது கிறீஸ் தடவச் சொல்லுங்கள். பாடசாலையால் வந்ததும் ஒரு போத்தல் நல்ல தண்ணீரைச் சில்லில் ஊற்றிவிட்டால் எல்லாவற்றுக்கும் மேல்.

அம்மா ஒருவரின் கடிதம்: மகள் ரியூசனுக்குப் போகிற சைக்கிளில் ஒரு கடையில் இரண்டு கம்பி மாற்றினோம். அன்று தொடங்கி ரியூப் அடிக்கடி ஓட்டை. ஆணி, முள் ஒன்றும் இல்லை. என்ன காரணம்? – அராலி

அம்மா, கம்பி நீளம் கூடிவிட்டது. ரியூபைக் கழற்றி ஓட்டை எந்தப் பக்கம் என்று பாருங்கள். நிலத்தைப் பார்க்கிற பக்கம் அல்ல, றிம்மைப் பார்க்கிற பக்கம் இருந்தால் வேறு சந்தேகம் தேவையில்லை. றிம் நாடாவைத் தூக்கி உள்ளே விரலால் மெல்லத் தடவினால் (மெல்ல, வெட்டும்) நிப்பிளின் தலையைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கிற கம்பி நுனி தட்டுப்படும். அரத்தால் ராவி மட்டமாக்கி, நல்ல துணி நாடாவாக ஒன்று போட்டால் இன்றைக்குச் சரிவரும்.

ஆனால் அந்த இரண்டு கம்பியையும் சரியான நீளத்துக்கு மாற்றுவதுதான் முறை. கம்பியில் புரி வெட்டியிருப்பது ஒரு சென்ரிமீற்றருக்குக் கிட்டத்தான். கம்பி நீளம் கூடினால் புரி முடிந்த இடத்தில் நிப்பிள் முட்டி நிற்கும், சாவி இறுகின மாதிரி இருக்கும், கம்பி இறுகியிராது. எதிர்ப்பக்கமாகக் கட்டையான கம்பி போட்டாலும் கேடுதான், புரி நிப்பிளின் தலைவரை எட்டாமல் இடையில் நின்றால் ஒரு நாள் தலை தனியே பிய்ந்து போகும். கம்பி நுனி நிப்பிள் தலையில் இருக்கிற வெட்டின் அடிமட்டத்தில் வந்து நிற்க வேண்டும். அடுத்த முறை கடைக்குப் போகும்போது உடைந்த கம்பியின் இரண்டு துண்டையும் கையோடு கொடுத்து, அளந்து பார்த்துப் போடச் சொல்லுங்கள்.

அண்ணை, நான் கம்பஸில் இரண்டாம் வருடம். பழைய ரேசிங் சைக்கிள் ஒன்று கிடைத்தது, 700சீ சில்லு, 32 ஓட்டை. புது றிம், புது ஹப் வாங்கி நானே சில்லுக் கட்டப் போகிறேன். மாமா ரொறன்ரோவிலிருந்து வருகிறார், கம்பி கொண்டு வரச் சொல்லலாம். என்ன கம்பி, எத்தனை நீளம் என்று சொல்ல வேண்டும். – திருநெல்வேலி

இந்தக் கடிதம் எனக்கு நல்ல சந்தோசம். சில்லை ஒரு தரம் தானே கட்டிப் பார்த்தவன் பிறகு வாழ்நாள் முழுக்கச் சைக்கிளை வேறு கண்ணால் பார்ப்பான்.

முதலில் வகை. மாமாவிடம் நடு மெலிந்த கம்பி கேளுங்கள், இரண்டு நுனியும் 2.0, நடு 1.8 மில்லிமீற்றர். அங்கே கடையில் டபிள் பட்டட் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். சுவிஸில் செய்கிற டீடி சுவிஸ் நிறுவனத்தின் கொம்பெற்றிஷன், பெல்ஜியத்தின் சாப்பிம் நிறுவனத்தின் றேஸ் இரண்டும் இந்த அளவுதான், எது கிடைத்தாலும் வாங்கலாம். மெலிந்தது பலம் குறைவு என்று நினைக்க வேண்டாம். மேலே சுன்னாகத்துத் தம்பிக்கு எழுதினதை வாசியுங்கள், அந்தக் கணக்கு இங்கே உங்களுக்குச் சாதகமாக வேலை செய்யும். நடு மெலிந்தால் கம்பி அதே இறுக்கத்தில் கூட நீளும், கிடங்கில் விழும்போது தொய்யாது, அதிர்ச்சி வளைவுக்கும் புரிக்கும் போகாமல் மெலிந்த நடுப்பகுதியே வாங்கிக்கொள்ளும். நடு 1.5 வரை மெலிந்த கம்பியும் உண்டு, முதல் முறை கட்டுகிறவர் அதை எடுக்கக் கூடாது, நிப்பிளைத் திருப்பும்போது நிப்பிளோடு கம்பியும் முறுகும், எவ்வளவு இறுக்கினோம் என்றே பிடிபடாது. நிப்பிள் பித்தளை, 12 மில்லிமீற்றர்.

இனி நீளம். றிம்மின் பெட்டியில் போட்டிருக்கிற விட்டத்தை நம்பிக் கம்பி வாங்கின ஆட்களின் கம்பிக்கட்டு எத்தனையோ என் மேசையில் கிடந்திருக்கிறது. 700சீ என்றால் ரயர் உட்காருகிற விட்டம் 622 மில்லிமீற்றர், அது கம்பிக்கு உதவாது. கம்பிக்கு வேண்டியது நிப்பிள் தலை உட்காருகிற விட்டம், அது றிம்முக்கு றிம் வேறுபடும். இப்படி அளவுங்கள்: இரண்டு பழைய கம்பியை எடுத்து, வளைவின் உட்பக்கத்திலிருந்து புரி நுனி வரை நீளத்தைக் குறித்து வையுங்கள். றிம்மில் ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு ஓட்டையில் நிப்பிளைப் போட்டு, கம்பி நுனி நிப்பிள் வெட்டின் அடிமட்டம் வரும் வரை திருகுங்கள். இரண்டு கம்பியையும் நடுவை நோக்கி இறுக்கி இழுத்துப் பிடித்து, வளைவுகளுக்கு இடையில் இருக்கிற இடைவெளியை அளந்தால், இரண்டு நீளமும் இடைவெளியும் கூட்டினதுதான் அந்த விட்டம். கம்பி 280, 280, இடைவெளி 40 என்றால் 600. மூன்று நாலு இடத்தில் அளந்து சராசரி எடுங்கள்.

ஹப்பில் இரண்டு அளவு வேண்டும். ஒன்று, ஒரு பக்கத்து ஓட்டைகள் போகிற வட்டத்தின் விட்டம். மற்றது, ஹப்பின் நடுவிலிருந்து அந்தப் பக்கத்துத் தட்டு, அதாவது கம்பி கொளுவுகிற ஓட்டைகள் உள்ள விளிம்பு, எவ்வளவு தூரம் என்பது. நடு என்றால் பிறேமில் கொளுவுகிற இரண்டு நட்டுகளுக்கும் நடு. பின் ஹப்பில் வலப்பக்கம் கியர்ப்பல் இருப்பதால் தட்டு நடுவுக்குக் கிட்ட வந்துவிடும்.

உயர்தரத்தில் இணைந்த கணிதம் செய்திருந்தால் மிச்சம் உங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு, கோசைன் விதிதான். 32 ஓட்டையில் ஒரு பக்கம் 16, ஆகவே ஓட்டைக்கு ஓட்டை 22.5 பாகை. ஒரு கம்பி மூன்று கம்பியைக் கடந்து போகிற பின்னலுக்கு 22.5 தர 3, அதாவது 67.5 பாகை. றிம் விட்டம் 600, ஹப் வட்டம் 45, வலத்தட்டு நடுவிலிருந்து 20, இடத்தட்டு 36 என்று வைப்போம். 300இன் வர்க்கம், 22.5இன் வர்க்கம் இரண்டையும் கூட்டி, அதிலிருந்து 2 தர 300 தர 22.5 தர கோசைன் 67.5 ஐக் கழித்தால் 85,340 வரும். இது சில்லைத் தட்டையாகப் பார்த்த கணக்கு. தட்டு விலகி நிற்கிற தூரத்தின் வர்க்கத்தை இதனோடு கூட்டுங்கள், வலத்துக்கு 400, இடத்துக்கு 1,296. வர்க்கமூலம் எடுத்து, ஹப் ஓட்டையின் பாதி 1.3 ஐக் கழித்தால் வலம் 291.5, இடம் 293. அரைக்கு வந்தால் கீழே எடுங்கள், வலத்துக்கு 291 வாங்குங்கள், இழுபட நீளும்.

கடையில் கம்பி இரண்டு மில்லிமீற்றருக்கு ஒரு நீளம் என்று மட்டும் இருந்தால் அதற்குக் கிட்டினதை எடுக்கலாம், ஒரு மில்லிமீற்றர் முன்பின்னால் ஒன்றும் ஆகாது. மூன்று மில்லிமீற்றர் பிழைத்தால் சில்லுக் கட்டவே முடியாது. முன் சில்லை இப்படியே தனியாகக் கணக்குப் பாருங்கள். ஒவ்வொரு நீளத்திலும் இரண்டு கம்பி கூடக் கொண்டு வரச் சொல்லுங்கள், உடைந்தால் திரும்ப ரொறன்ரோவுக்கா போவது!

கம்பியை ஏன் குறுக்கும் மறுக்குமாகப் பின்னுகிறார்கள்? ஹப்பிலிருந்து றிம்முக்கு நேராகப் போட்டால் நீளமும் குறைவு, வேலையும் குறைவுதானே? – பருத்தித்துறை, தரம் 10 மாணவன்

நல்ல கேள்வி தம்பி. ஒரு கயிற்றைக் கதவின் பிணைச்சலுக்குப் பக்கத்தில் கட்டி இழுத்துப் பார், பிறகு கைபிடியில் கட்டி இழுத்துப் பார். நேரான கம்பி ஹப்பின் மையத்திலிருந்து புறப்படுகிறது, மிதிக்கும்போது ஹப் சுற்ற முயன்றால் அதற்குப் பிடி இல்லை, ஹப் கொஞ்சம் முறுகித்தான் றிம்மை இழுக்க முடியும். ஹப்பின் வட்டத்தைத் தொட்டுக்கொண்டு சாய்ந்து புறப்படுகிற கம்பிக்கு நல்ல பிடி உண்டு. ஒரு பாதி கம்பி முன்பக்கம் சாய்ந்து, மற்றப் பாதி பின்பக்கம் சாய்ந்து நிற்பதால் மிதிக்கும்போதும் பிடி, பிறேக் பிடிக்கும்போதும் பிடி. இந்தச் சாய்வு முறைக்கு இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஸ்டார்லி என்பவர் 1874இல் காப்புரிமை எடுத்தார், அன்று வந்த முறைதான் உன் சைக்கிளிலும் இருக்கிறது.

றிம்மைப் பிடிக்கிற பிறேக் உள்ள முன் சில்லில் மட்டும் நேராகப் போடலாம், அங்கே ஹப் எதையும் முறுக்குவதில்லை. அதற்கும் ஹப் செய்தவர்கள் அனுமதித்திருக்க வேண்டும், இல்லையென்றால் தட்டின் விளிம்பு வெடிக்கும். டிஸ்க் பிறேக் என்றால் முன்னுக்கும் கட்டாயம் பின்னல்தான்.

தம்பிக்கு, என்னிடம் அப்பாவின் பழைய றலி இருக்கிறது. றிம் கறள் தின்றுவிட்டது, ஹப் புதுசு போலச் சுற்றுகிறது. பழைய கம்பிகளைப் புது றிம்மில் போடலாமா? கடையில் 36 ஓட்டை றிம்தான் இருக்கிறது என்கிறார்கள். – கொக்குவில், ஓய்வு பெற்ற எழுதுவினைஞர்

ஐயா, 36 ஓட்டை றிம்மை வாங்கிவிடாதீர்கள். அந்தக் காலத்து இங்கிலாந்துச் சைக்கிளில் முன் சில்லுக்கு 32, பின் சில்லுக்கு 40. பாரம் பின்னுக்குத்தானே கூட, அதனால் அப்படிப் பிரித்தார்கள். பிறகு வந்தவர்கள் இரண்டையும் 36 ஆக்கினார்கள், கூட்டிப் பார்த்தால் இரண்டு வழியிலும் 72 கம்பிதான். 40 ஓட்டை ஹப்புக்கு 40 ஓட்டை றிம்தான் வேண்டும். விட்டத்தையும் பாருங்கள். பழைய ரயரின் பக்கத்தில் 28 × 1½ என்று இருந்தால் றிம் 635 மில்லிமீற்றர். இப்போது 28 என்ற பெயரில் வருகிறவற்றில் 622உம் உண்டு, அது 13 மில்லிமீற்றர் சின்னது, ரயர் ஏறினாலும் நிற்காது. 40 ஓட்டை 635 றிம் பழைய சாமான் கடைகளில் இன்னும் தட்டுப்படும், பொறுத்துத் தேடுங்கள்.

பழைய கம்பியைப் பற்றி என் மனத்தில் இருப்பதைச் சொல்கிறேன். தொண்ணூறுகளில் புதுச் சாமான் எடுக்கக் கஷ்டப்பட்ட காலத்தில், கழற்றின கம்பியைச் சின்னச் சுத்தியலால் பலகையில் தட்டித் தட்டி நேராக்கித் திரும்பப் போட்டிருக்கிறேன். அந்தச் சில்லுகளில் விறகு வந்தது, நோயாளிகள் வந்தார்கள், இரவில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைக் கையால் சுற்றி டைனமோவில் றேடியோவும் கேட்டோம். அதனால் பழைய கம்பி ஓடாது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இன்றைக்கு அது தேவையில்லை. வளைவு வேறு ஹப்பில் படிந்திருந்தால் கட்டாயம் கூடாது. உங்களுடையது அதே ஹப், கம்பி கறள் பிடியாமல் இருக்கிறது, புது றிம்மின் நிப்பிள் விட்டமும் அதே அளவு என்றால் போடலாம். அப்போதும் உள்ளால் வந்த கம்பி உள்ளால், வெளியால் வந்தது வெளியாலேயே போக வேண்டும், வளைவு ஒரு பக்கம் பழகிவிட்டது, திருப்பினால் உடையும். நிப்பிளை மட்டும் புதிதாக வாங்குங்கள். கறள் புள்ளி விழுந்த கம்பியை, அப்பாவின் சைக்கிள் என்ற பாசத்தில்கூட வைத்திருக்க வேண்டாம், கறள் புள்ளியில்தான் வெடிப்புத் தொடங்கும்.

கறுப்புக் கம்பி, தட்டைக் கம்பி நல்லதா? – சாவகச்சேரி

கறுப்பு நிறம் மட்டும்தான், உள்ளே ஸ்ரெயின்லெஸ் என்றால் வாங்கலாம். தட்டைக் கம்பி காற்றை வெட்டும், போட்டியில் ஓடுகிறவருக்கு உதவும். சில ஹப்பில் ஓட்டையை வெட்டிப் பெருப்பித்தால்தான் அகலமான தட்டை உள்ளே போகும், அதைச் செய்ய வேண்டாம்.

நான் மருதனார்மடத்தில் நுண்கலை படிக்கிறேன், வீணை. என் சைக்கிளின் பின் சில்லுக் கம்பிகளை விரலால் தட்டினால் வலப்பக்கம் ஒரு சுருதி, இடப்பக்கம் வேறு சுருதி. முன் சில்லில் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறது. பின் சில்லுப் பிழையா? கியர் சைக்கிள். – இணுவில்

பிழை இல்லை பிள்ளை, உங்கள் காது சரியாகப் பிடித்திருக்கிறது. இழுவை மானி இல்லாத ஊரில் எங்களுக்கு இருக்கிற மானி இதுதான்.

பின் சில்லில் வலத்தட்டு நடுவுக்குக் கிட்ட நிற்பதால், றிம்மை நடுவில் வைத்திருக்க வலக்கம்பிகள் கூட இழுக்க வேண்டும். மேலே திருநெல்வேலித் தம்பியின் கணக்கில் வலம் 20, இடம் 36. இழுவை அதற்குத் தலைகீழாகப் பிரியும், வலத்தில் 36 பங்கு என்றால் இடத்தில் 20 பங்கு. தந்தியின் சுருதி இழுவையின் வர்க்கமூலத்தோடு ஏறும் என்று படித்திருப்பீர்கள், கம்பியின் மொத்தம் ஒன்றாக இருந்தால் அந்த இரண்டு சுருதிக்கும் இடையில் ஏறத்தாழ 4க்கு 3 என்ற விகிதம் வரும். இடப்பக்கம் ச என்றால் வலப்பக்கம் சுத்த மத்திமம். உங்கள் ஹப்பின் அளவு கொஞ்சம் வேறாக இருந்தால் அது பிரதி மத்திமம் வரை போகலாம், அதுவும் சரிதான்.

கேட்க வேண்டியது ஒரே பக்கத்துக் கம்பிகள் தங்களுக்குள் சேருகின்றனவா என்பதை. றிம்முக்குக் கிட்ட, பின்னல் முடிந்த இடத்துக்கு வெளியே, நகத்தால் தட்டிக்கொண்டே ஒரு சுற்று வாருங்கள். வலப்பக்கம் 16 கம்பியில் ஒன்று மட்டும் மந்தமாகக் கேட்டால் அதன் நிப்பிளைக் கால் சுற்று இறுக்குங்கள், பக்கத்தில் ஒன்று கூர்மையாகக் கேட்டால் அதைக் கால் சுற்றுத் தளர்த்துங்கள், பிறகு சில்லைச் சுற்றி நெளிவைப் பாருங்கள். இடப்பக்கக் கம்பி ஏதாவது சுருதியே இல்லாமல் டப் என்று கேட்டால் அது தொய்ந்துவிட்டது. முதலில் உடையப் போவது அதுதான், இன்றைக்கே இறுக்குங்கள்.